ஊட்ல களையே இல்ல

பிப்ரவரி 3, திங்கள்

வாங்க. நல்லா இருக்கிறீர்களா? வீட்டில் எல்லாரும் சுகமா? காப்பி குடித்தாயிற்றா? யாரைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ரிக் வண்டியில் போர்வெல் போடப் போய்க்கொண்டிருந்த முப்பத்தி நாலு வருஷமும் சாயந்திரம் அடுப்புப் பற்ற வைத்தால் ஆட்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, கதை சொல்லு உபகாரண்ணா என்பார்கள். இங்கே கேட்க ஆள் இல்லை. அதனால் உங்களை இந்த டைரிக்குள் உட்கார வைத்திருக்கிறேன். நீங்கள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்து கையில் நின்றது ரிக்கில்தான். எத்தனை அடி போயிற்று, எத்தனை பைப் இறங்கியது, எந்த அடியில் பாறை மாறியது என்று தினமும் எழுத வேண்டும். ஒரு தடவை ராய்ப்பூர் பக்கம் எழுநூறு அடியில் வெந்நீர் வந்தது, அதை எழுதினால் மேனேஜர் நம்பவில்லை. சரி, அது கிடக்கட்டும். சொல்ல வந்தது வேறு.

இன்று வீட்டைச் சுற்றிக் களை எடுக்க ஆரம்பித்தேன். ஏன் என்று சொல்கிறேன். என் மகள் அக்சிலியா ஓசூரில் மருந்துக் கம்பெனி லேபில் இருக்கிறாள். அவள் அம்மா அந்தோணிமேரி போன ஏப்ரலில் நெஞ்சுவலி வந்து இறந்தபோது நான் சத்தீஸ்கரில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மேலே மண்ணைத்தான் பார்த்தேன். முப்பதாம் நாள் பூசை வரைக்கும் அக்சிலியா இந்த வீட்டில் இருந்தாள். என்னோடு பத்து வார்த்தை பேசியிருப்பாள். அப்புறம் வரவே இல்லை. நான் போனில் ஏதாவது எழுதி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். அவ்வளவுதான்.

கிறிஸ்துமசுக்கும் வரவில்லை. மருமகன் ஜூட்தான் போன் செய்தார். "ஊட்டச் சுத்திப் புதரா கெடக்குதாமாங்க மாமா. பாம்பு கீம்பு இருக்கும்னு பயப்படறா."

ஒன்றரை மாசமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாம்புதானே? புதர்தானே? எடுத்துவிட்டால் வந்துதானே ஆக வேண்டும்? ஏப்ரல் ஒன்பதாம் தேதி அவளுக்கு வருஷப் பூசை. அதற்குள் இந்த இடத்தில் ஒரு களை இருக்கக் கூடாது. அவளுக்குச் சொல்லப் போவதில்லை. வந்து பார்க்கட்டும்.

பிப்ரவரி 5, புதன்

இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்தபடியே எழுதுகிறேன். அந்தோணிமேரி இதைக் குனிந்தே செய்தாளா?

பிப்ரவரி 8, சனி

அடுத்த வீட்டுப் பாப்பாயி நாமக்கல் பக்கத்துக் குடியானவ வீட்டுப் பெண். இங்கே வாக்கப்பட்டு வந்து நாற்பது வருஷம். நாலு மேச்சேரி ஆடு வைத்திருக்கிறது. நான் பிடுங்கிப் போடுகிற களையை ஆட்டுக்கு அள்ளிப் போக வரும். அள்ளும்போதே பேர் சொல்லும். இது சாரணை, இது குப்பைமேனி, இது மூக்கிரட்டை, இதை ஆடு தின்னாது, இதை நீயே தின்னலாம் என்று. நான் தலையாட்டுவேன். அது போனதும் எல்லாம் மறந்துவிடும். பச்சையாக இருப்பது எல்லாம் எனக்கு ஒன்றுதான்.

பாப்பாயிக்கு அது ஆச்சரியம். "ஏனுங்ண்ணா, இத்தன வருசம் இந்த ஊட்டுல இருந்துட்டு ஒரு செடி பேரு தெரியாதுங்களா?"

இருந்தால்தானே அம்மிணி. ரிக்கில் வேலை என்பது தை பிறந்து கிளம்பினால் மழை விழுந்த பிறகுதான் திரும்புவது. வெயில் காலத்தில்தானே ஊருக்கு ஊர் தண்ணீர் வற்றும், போர் போடக் கூப்பிடுவார்கள். அந்தோணிமேரி இறக்கும் வரைக்கும் மாசியில், பங்குனியில், சித்திரையில் இந்த வீட்டில் ஒரு நாள் கூட நான் இருந்ததில்லை. நான் வரும்போது மழைக்காலம், எல்லாம் ஒரே பச்சையாக மண்டிக்கிடக்கும். அந்தோணிமேரி சொல்லுவாள், பங்குனியில பார்த்திருக்கணும், என்ன பூ தெரியுமா என்று. நான் சரி சரி என்று தூங்கிவிடுவேன்.

ஆயிரத்து இருநூறு அடி வரைக்கும் மண் என்ன நிறம், கல் என்ன ரகம் என்று கையில் வாங்கிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். மேலே இருக்கிற நாலு அங்குலம் தெரியாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

முழுக்கச் சுத்தம் செய்துவிட்டேன். பாப்பாயி வந்து பார்த்துவிட்டு, வெறும் மண்ணாக விட்டால் பத்தே நாளில் மறுபடியும் களைதான் முளைக்கும், ஏதாவது ஊன்றிவிடு என்றது. அலமாரியைத் தேடினேன். அவளுடைய பழைய சேலைத் துணியில் முடிச்சு முடிச்சாக விதை. சின்னது, பெரியது, கறுப்பு, ஈர்க்குச்சி மாதிரி ஒன்று. பதினாலு முடிச்சு. ஒன்றிலாவது பேர் எழுதி வைத்திருக்கிறாளா? அவளுக்குத் தெரியும், அப்புறம் எதற்கு எழுத வேண்டும்.

பதினாலையும் கொட்டிக் கலந்து கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி வீசிவிட்டேன். பாப்பாயி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

"வரிசையா ஊனியிருந்தா வரிசைல வரது செடி, மத்ததெல்லாம் களைன்னு கண்ணு தெரியாதவனும் எடுத்துருவான். இப்ப எதைங்ண்ணா எடுப்பீங்க, எதை உடுவீங்க?"

அதை வீசுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். நீங்க கேக்கவே இல்லீங்களே என்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றைக்கு ஒரு பாவம் செய்தது தெரிந்தது.

பாப்பாயி குப்பைக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தது. திடீரென்று கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டது. பாம்போ என்று ஓடினேன். பாம்பு இல்லை. சம்பங்கி. கிணற்றடிப் பாத்தி முழுக்க இருந்தது சம்பங்கியாம். கோரைப் புல்லோடு புல்லாக நான் பிடுங்கி எறிந்துவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரி நீட்டுப் புல்தானே? அந்தோணிமேரி இந்தப் பாத்தியில் இருந்துதான் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு கோயில் பீடத்துக்குப் பூ கொடுப்பாளாம். எனக்கு இப்போதுதான் தெரியும்.

நான் உட்கார்ந்துவிட்டேன். பாப்பாயிதான் தேற்றியது. கிழங்கு காய்ந்தாலும் சாகாதாம். கோரையில் இருந்து பிரித்து எடுத்து மறுபடி ஊன்றினால் பிடித்துக்கொள்ளுமாம். கூட இருந்து பிரித்துக் கொடுத்திருக்கும். ஆனால் நாமக்கல்லில் அதன் மகள் மைதிலிக்கு நாள் நெருங்கிவிட்டது, பிரசவம் பார்க்கப் போக வேண்டும். பன்னிரண்டு மணி பஸ். ஆட்டை எல்லாம் தம்பி வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டது. இரண்டு மாசம் ஆகும் வர.

தனியாக உட்கார்ந்து பிரித்தேன். இரண்டு ரகம் இருந்தது. ஒன்று சின்ன வெங்காயம் மாதிரி, வாசமே இல்லை. இன்னொன்று கறுப்பாக, சுருங்கி, கொட்டை மாதிரி. நகத்தால் கீறி முகர்ந்தேன். என்ன வாசம். சாம்பிராணி மாதிரி, கற்பூரம் மாதிரி. சம்பங்கிதானே மணக்கிற பூ? சந்தேகமே இல்லை. வாசம் இல்லாததைக் கொண்டுபோய்ச் சுவரோரம் கொட்டிவிட்டு, மணக்கிறதை எல்லாம் பொறுக்கி, பாப்பாயி சொன்ன மாதிரி இந்தத் தடவை கயிறு கட்டி வரிசையாக ஊன்றினேன். நாற்பத்தாறு. எருவும் போட்டேன்.

மன்னிச்சுக்கோ மேரி என்றும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். கேட்க யார் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 22, சனி

வீசின இடம் எல்லாம் முளைத்திருக்கிறது. எது விதை, எது களை? தெரியவில்லை. எதையும் பிடுங்கவில்லை. போன தடவை பிடுங்கின பாவமே போதும்.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். கோயிலில் பீடம் மொட்டையாக இருந்தது. இனி நாற்பது நாளும் பூ வைக்க மாட்டார்கள், தவக்காலம். வெளியே வரும்போது பீடத்தைக் கவனிக்கிற கோயில்பிள்ளை ஆண்ட்ரூஸ் கையைப் பிடித்துக்கொண்டு, "மேரியக்கா சாம்பலுக்கு முன்னால வெதச்சுட்டு ஈஸ்டருக்குப் பூவோட வருவாங்க. இந்த வருசம் கடைலதான் வாங்கோணும்" என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வாயைத் திறந்தால் பெருமை வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து அக்சிலியாவுக்கு எழுதினேன். சாம்பல் வாங்கினேன் சாமி, நீ வாங்கினாயா. கட்டைவிரல் வந்தது.

வாங்கினேன் என்று அர்த்தமா? பார்த்தேன் என்று அர்த்தமா?

மார்ச் 10, திங்கள்

இப்போது கொஞ்சம் கொஞ்சம் தெரிகிறது. தினமும் பார்த்தால் முகம் பழகிவிடும் போல. ஆட்களும் அப்படித்தானே. இலை ஓரம் ரம்பம் மாதிரி இருப்பது காசித்தும்பை. கசக்கினால் கடைத்தெரு மாலை வாசம் வருவது செண்டுமல்லி. சொரசொரப்பாக எதிரெதிரே இலை விடுவது என்னவென்று தெரியாமல் ஒன்றைக் கிள்ளி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அஸ்தம்பட்டி வரை பஸ்ஸில் போய் நாற்றுக்கடையில் காட்டினேன். ஜீனியா என்றார்கள். போக வர இரண்டு மணி நேரம். ஒரு பேருக்கு. அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பேசலாம் என்று பார்த்தேன், கடையில் கூட்டம்.

தெரிந்ததை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். இன்று மட்டும் இரண்டு கூடை. தின்ன ஆடு இல்லை. அந்தப் பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

சம்பங்கிப் பாத்திதான் இருப்பதிலேயே ஜோர். என்ன வேகம். நான் ஊன்றினது நாற்பத்தாறு, இப்போது எண்ண முடியவில்லை, நடுவில் எல்லாம் குட்டி போட்டுக் கிளம்பியிருக்கிறது. எருவுக்குக் கை மேல் பலன். காலையில் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டுத்தான் காப்பி குடிக்கிறேன். பேசவும் செய்கிறேன். பைத்தியம் என்று நினைக்காதீர்கள், உங்களோடும்தானே பேசுகிறேன். நீங்களும் பதில் சொன்னதில்லை.

மார்ச் 19, புதன்

இன்று வாயைத் திறந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயந்திரம்தான் கவனித்தேன்.

மார்ச் 29, சனி

முதல் பூ. காசித்தும்பை, ரோஸ் நிறம். இரண்டு மணி நேரம் பார்த்திருப்பேன். பங்குனி மாசத்தில் என் வீட்டில் பூத்த பூவை இந்த வயதில் பார்க்கிறேன்.

மேரி, நீ சொன்னப்ப நா எந்திரிச்சு ஒக்காந்து கேட்டிருக்கணும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜூட் போன் செய்தார். புதன்கிழமை வருஷப் பூசைக்கு வர முயற்சி செய்கிறோம் மாமா என்றார். முயற்சி என்றால் வருவார்களா என்று கேட்க நாக்கு வரை வந்தது. பின்னால் அக்சிலியா குரல் கேட்ட மாதிரி இருந்தது. டிவியாகவும் இருக்கலாம்.

மெத்தையை வெயிலில் போட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

வரவில்லை.

ஆறரை மணிப் பூசை. இரண்டாவது வரிசையில் இரண்டு இடம் பிடித்து, துண்டைப் போட்டு வைத்திருந்தேன். சாமியார் மேரி பேரை வாசித்தபோது கூட வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்து, யாராவது வராங்களா என்று கேட்டுவிட்டுத் துண்டை நகர்த்தி உட்கார்ந்துகொண்டது.

கல்லறைக்குத் தனியாகப் போனேன். காசித்தும்பையும் ஜீனியாவும் பறித்துக்கொண்டு போயிருந்தேன். வெயிலில் பூ வாடிப்போயிற்று, நான் வாடுகிறதுக்கு முன்னாலேயே. கல்லைத் துடைத்தேன். வருஷத்துல ரெண்டு மாசம் பாத்த ஆளுகிட்ட என்னத்தச் சொல்றது. பூ வந்திருக்குது மேரி, நீ சொன்ன மாதிரிதான் என்றேன். அப்புறம் வந்துவிட்டேன்.

பத்து மணிக்கு ஜூட். லீவு கிடைக்கவில்லையாம். சரிங்க மாப்பிள்ளை என்றேன்.

மெத்தையை உள்ளே எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 12, சனி

மூன்று நாளாக மண்ணைத் தொடவில்லை. இன்று தொட்டேன். கோபமோ என்னவோ, விடியலில் உட்கார்ந்தவன் மத்தியானம் வரைக்கும் எழவில்லை. வாசல், பக்கவாட்டு, கிணற்றடி, பின்கட்டு, வேலியோரம் ஒரு புல் விடாமல் எடுத்தேன். தரை துடைத்த மாதிரி ஆயிற்று. எடுத்து முடித்து நிமிர்ந்தால், யாருக்கு இது? அவளுக்குத் தெரியவே தெரியாதே. பாம்புக்குப் பயந்து வராமல் இருக்கிறவளுக்கு, பாம்பு இருக்க இடம் இல்லை என்று நான் சொன்னால்தானே தெரியும்? வந்து பார்க்கட்டும் என்று இருந்தால் எப்போது வருவது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினேன். ரொம்ப எழுத வராது. இவ்வளவுதான் அனுப்பினேன்:

ஊட்ல களையே இல்ல சாமி.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பார்த்துவிட்டாள், இரண்டு கோடும் நீலமாகிவிட்டது. கட்டைவிரல் வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்னும் வரவில்லை. இதுவரைக்கும் அது ஒன்றாவது வந்துகொண்டிருந்தது. தப்பாக ஏதாவது எழுதிவிட்டேனா? எடுத்து எடுத்துப் படிக்கிறேன். எழுத்துப்பிழை கூட இல்லையே.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. சிலுவைப்பாதைக்குப் போய்விட்டு வந்தேன். கஞ்சி குடித்தேன்.

திருச்செங்கோட்டில் பழைய ரிக் ஆபீசுக்கு போன் போட்டேன். அறுபத்தி மூணு வயசுக்கு டிரில்லர் வேலை தர மாட்டார்கள், தெரியும். வண்டிக்குக் காவல், சமையல், எதுவானாலும் சரி என்றேன். திங்கள்கிழமை ஒரு வண்டி தெலங்கானா கிளம்புகிறதாம், வாங்கண்ணா என்றார்கள்.

போவதுதான் சரி. அங்கே இருந்தால் மகள் பேசவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். தூரம் என்று சொல்லிக்கொள்ளலாம். செடிக்கு யார் தண்ணீர் விடுவது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். முன்னால் என்ன, மேரி இருந்தாள் என்று போனேன். இப்போ வாடினா வாடட்டும். எனக்கென்ன. யாரு பாக்கறதுக்கு.

ஏப்ரல் 19, சனி

வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே போகாமல்.

காலை ஏழு மணிக்கு வாசலில் வண்டி நின்றது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் அக்சிலியா. பின்னால் ஜூட். அவள் உள்ளே ஓடி வந்தாள், ஓடி என்றால் ஓடித்தான், செருப்பைக் கூடக் கழற்றவில்லை. என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். "மாத்திரை கீத்திரை எதாச்சும் சாப்புட்டு வெச்சீங்களா? நேரத்துக்குச் சோறு திங்கறீங்களா?" அப்புறம் பெட்டியைப் பார்த்தாள். "எங்கீங்கப்பா கெளம்பறீங்க?"

நான் ஒன்றும் புரியாமல், பாம்பெல்லாம் இல்லை சாமி, பயப்படாமல் வா என்றேன். அவள் என்ன பாம்பு என்றாள். நான் ஜூட்டைப் பார்த்தேன். ஜூட் காரில் எதையோ மறந்துவிட்டவர் மாதிரி வெளியே போய்விட்டார்.

அப்போதுதான் புரிந்தது. அவள் பாம்பு என்று சொன்னதே இல்லை. மருமகன் என் மனசு நோகக் கூடாது என்று சொந்தமாகச் சொன்னது.

அவளைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனேன். காசித்தும்பை, ஜீனியா, செண்டுமல்லி எல்லாம் அந்த வெயிலிலும் தளதளவென்று நின்றது. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். நான் கடைசியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், பெருமையாகத்தான், இதுதான் உங்கம்மா சம்பங்கி என்றேன்.

அவள் குனிந்தாள். ஒரு புல் தாளை உருவிப் பார்த்தாள். அடியில் பிடித்து உருட்டினாள். முக்கோணமாக இருக்கிறது என்று எனக்கும் காட்டினாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள்தான், கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இது அத்தனையும் கோரைங்கப்பா. வரிசை கட்டி, எரு வெச்சு, கோரை வளத்திருக்கீங்க."

வாசம் பார்த்து ஊன்றினேனே என்றேன். கோரைக் கிழங்குதான் மணக்குமாம். சம்பங்கிக் கிழங்குக்கு வாசமே கிடையாதாம். சேலம் ஜில்லாவிலேயே கோரைக்கு எரு போட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை களைய வெச்சுக்கிட்டுத்தான் ஊட்ல களையே இல்லைன்னு அனுப்புனீங்களா?" என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். என்னையே பார்த்தாள். "அப்ப, நீங்க இந்தக் களையவா சொன்னீங்க?"

வேறு எந்தக் களை என்றேன். சொல்லும்போதே எனக்கும் உறைத்தது. எட்டு நாளாக அவள் அதை வேறு மாதிரி படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டில் களையே இல்லை, விளக்கு இல்லாத வீடு மாதிரி இருக்கிறது, நான் எதற்கு இருக்கிறேன் என்று அப்பா எழுதியிருக்கிறார் என்று. என்ன பதில் போடுவது, எந்தப் படத்தைப் போடுவது என்று தெரியாமல் இருந்தாளாம். லீவு கிடைத்த அன்றைக்கே கிளம்பிவிட்டாள்.

புல்லத்தான் சொன்னேன் சாமி என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வந்தது தப்போ என்று நினைக்கிற மாதிரி.

"நீ நெனச்சதும் நெசந்தான் சாமி."

இதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

அவள் சேலையைச் செருகிக்கொண்டு கோரைக்குள் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே பிடுங்கினோம். ஒரு வரிசை முடிந்தது. அப்புறம் தலை நிமிராமலே சொன்னாள்.

"அம்மாவ எடுத்த அன்னிக்கு நீங்க தொப்பூர்ல இருந்து போன் பண்ணீங்க. முக்கா மணி நேரத்துல வந்துருவேன்னு. எல்லாருமே காத்திருக்கலாம்னுதான் சொன்னாங்க. சாமியார் கூடச் சொன்னாரு. நாந்தாங்கப்பா 'எடுங்க'ன்னு சொன்னேன். கோவத்துல சொல்லிட்டேன். அப்பறம் உங்க மூஞ்சியப் பாக்க என்னால முடியல."

நான் அவள் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வருஷம் பூராவும்.

என்னத்தச் சொல்லட்டும். முப்பத்தி நாலு வருசம் வராதவன் நா. அவ முக்கா மணி நேரம் வெச்சிருக்கல. இதுல யாரு யாருகிட்ட மன்னிப்புக் கேக்கறது. தொப்பூர்ல லாரி ஒண்ணு மறிச்சு நின்னுது, ஒன்ற மணி நேரம் ஆச்சு, அவ வெச்சிருந்தாலும் நா வந்திருக்க மாட்டேன்னு சொல்லலாமான்னு பாத்தேன். அது பொய். ரோடு காலியாத்தான் இருந்துது. பொய் சொல்லி ஆத்தற வேலைய மாப்பிள்ளை பாத்துக்கட்டும்.

"தாளப் புடிச்சு இழுக்காத சாமி, கெழங்கு உள்ளயே நின்னுக்கும். கீழ கை உட்டு மெதுவா எடு" என்றேன்.

அவள் மெதுவாக எடுத்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். பீடத்தில் இரண்டு பக்கமும் எங்கள் வீட்டுப் பூ. அக்சிலியா கட்டியது. ஆண்ட்ரூஸ் சம்பங்கி எங்கே என்று கேட்டார். இவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் சாமி கும்பிடுகிற மாதிரி குனிந்துகொண்டோம்.

ஜூட் சாயந்திரம் ஓசூர் போய்விட்டார். அவள் போகவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

தெலங்கானா வண்டி காலை கிளம்பியிருக்கும். வரவில்லை என்று நேற்றே சொல்லிவிட்டேன். ஏனுங்கண்ணா என்றார்கள். ஊட்டுல வேலை இருக்குது என்றேன். பொய் இல்லை. கோரை இன்னும் பாதிப் பாத்தி நிற்கிறது.

விடிந்ததும் அக்சிலியா சுவரோரம் கிளறி, நான் வாசம் இல்லை என்று கொட்டின வெங்காயத்தில் கெட்டியாக இருந்த பதினொன்றைத் தேடி எடுத்துவிட்டாள். அதுதான் சம்பங்கி. ஊன்றியாயிற்று. ஆடியில்தான் பூக்குமாம். நான் பறித்து கோயிலுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். நீங்க தொட வேண்டாம், நான் வந்து பறிச்சுக்கறேன் என்றாள்.

பாப்பாயிக்கு போன் செய்தோம். மைதிலிக்குப் பெண் குழந்தை, நல்லா இருக்கிறது. கோரை விஷயத்தை அக்சிலியா சொல்லியே விட்டாள். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. நாமக்கல் முழுக்கத் தெரிந்திருக்கும் இந்நேரம்.

இப்போது அவள் பின்னால் இருக்கிறாள். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று காலையில் இருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன், பூ என்றதும் ஞாபகம் வந்தது. பஸ்தர் காட்டில் ஒரு தடவை, இதே மாதிரி சித்திரை. அங்கே இலுப்பைப் பூ விடியலில் உதிரும். பொம்பளைகள் பொறுக்கிப் பாதையிலேயே காயப் போட்டிருப்பார்கள், அவர்களுக்கு அது சாப்பாடு. எங்கள் வண்டி தெரியாமல் மேலே ஏறிவிட்டது. பத்துச் சக்கரம். ஒரு கிழவி குறுக்கே வந்து நின்றாள். பாஷை தெரியாது எனக்கு. நான் கீழே இறங்கிக் கையைக் கூப்பினேன். அவள் திட்டவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டயரில் ஒட்டியிருந்த பூவை ஒவ்வொன்றாகப் பிய்த்து என் கையில் வைத்தாள். வைத்துவிட்டு அவள் சொன்னதை எங்கள் சமையல்காரன் தமிழில் சொன்னான். அவள் என்ன சொன்னாள் என்றால் —

அப்போவ் என்று கூப்பிடுகிறாள். ஓஸ் பைப்பை இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டுமாம், தண்ணீர் நின்றுவிடும் என்கிறாள். இருங்கள், இந்த ஒரு வரியை முடித்துவிட்டு. அந்தக் கிழவி என்னைப் பார்த்து, ஏனப்பா, உன் வீட்டில் பூவே பூக்காதா, அதைப் பார்க்காமல் இங்கே —